பக்கத்து ஓடை

நவம்பர் 30, சனி

கொல்லிமலைப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். மூன்று நாள். பெண்கள் இரட்டையர் பிரிவு. சாந்தாமணி, மேனகா, திருச்செங்கோடு. என் வயதைக் கேட்டதும் போனில் பேசிய ஆள், "மேடம், மூணு நாளும் மலையில நடக்கணும், தெரியுமில்ல?" என்றார். நான் பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியை, என்.சி.சி. அதிகாரி, வரைபடம் பார்க்க உங்களை மாதிரி எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள் என்று நாக்கு நுனி வரை வந்தது. "தெரியும் தம்பி" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு பேருக்கும் என்ன உறவு என்று கேட்டார். ஓரகத்தி என்றேன். "சிஸ்டர்ஸா?" என்றார். அண்ணன் பெண்டாட்டி நான், தம்பி பெண்டாட்டி அவள் என்று விளக்கப் பொறுமையில்லை. ஆமாம் என்றேன்.

வீட்டுக்காரர் மறுபடியும் அதே கேள்வி. "அப்படி என்னதான் போட்டி அது?" காட்டுக்குள் அங்கங்கே ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கொடி கட்டியிருப்பார்கள். கையில் ஒரு வரைபடம், ஒரு காம்பஸ். வழி சொல்ல மாட்டார்கள். வரிசைப்படி ஒவ்வொரு கொடியாகக் கண்டுபிடித்து, அங்கே தொங்கும் கருவியால் நம் அட்டையில் துளை போட்டுக்கொண்டு சீக்கிரம் வந்து சேர வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்தேதான் போக வேண்டும், ஒருவர் முன்னால் ஓடிப் போய்த் துளை போட்டால் செல்லாது. எல்லாம் கேட்டுவிட்டு, "தொலைஞ்சு போறதுக்குன்னே பஸ் ஏறிப் போறீங்க" என்றார். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்காரருக்கு அவ்வளவுதான் தெரியும்.

டிசம்பர் 8, ஞாயிறு

சங்ககிரி மலையில் பயிற்சி. வரைபடமும் காம்பஸும் நான். அடி எண்ணுவது மேனகா. எத்தனை அடி வைத்தோம் என்று எண்ணிக்கொண்டே வந்தால்தான் எவ்வளவு தூரம் வந்தோம் என்று தெரியும். நான் பேசிக்கொண்டே நடப்பேன், அதனால் எண்ண லாயக்கில்லை. அவள் பேசவே மாட்டாள்.

நான்கு வருடம் முன்பு என் கொழுந்தன் முரளி சத்தீஸ்கரில் ரிக் லாரி கவிழ்ந்து போய்விட்டான். அதற்கப்புறம் மேனகா அறையை விட்டே வரவில்லை. பார்க்கச் சகிக்காமல் ஒரு நாள் காலையில் என் பழைய ஷூவை அவள் காலில் மாட்டி மைதானத்துக்கு இழுத்துப் போனேன். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது மேட்டில் ஏறும்போது மேனகா எனக்காக நின்று நின்று வருகிறாள். இதை இதற்கு மேல் எழுதப் போவதில்லை.

திரும்பி வந்து மேனகாவின் மகள் மித்ராவுக்குத் தலை பின்னினேன். வகிடு கோணலாம். அம்மா பின்னினால் நேராக வருமாம். "அப்ப உங்கம்மாகிட்டயே போ" என்றேன். போகவில்லை. ஒன்பது வயதாகிறது, இன்னும் என் பக்கத்தில்தான் படுக்கிறாள். அவள் தூக்கத்தில் உதைப்பதால் என் இடுப்பு வலி குறையவில்லை என்று டாக்டரிடம் சொன்னேன். தனியாகப் படுக்க வையுங்கள் என்றார். டாக்டரை மாற்ற வேண்டும்.

டிசம்பர் 15, ஞாயிறு

முட்டி வலி. நான் போகவில்லை. மேனகா மட்டும் போய்விட்டு வந்தாள். வழக்கத்தைவிட நேரமாகிவிட்டது. கேட்கவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

இவரைப் பார்க்க சம்பத் என்று ஒருவர் வந்தார். கம்ப்ரஸர் மெக்கானிக். மேனகா கணக்கு எழுதும் உதிரிபாகக் கடையில்தான் சாமான் வாங்குவாராம். இவர் குளித்துக்கொண்டிருந்ததால் நான் காபி கொடுத்தேன். மனைவி தவறி ஐந்து வருடமாம், குழந்தை இல்லையாம். ஓசூரில் சொந்தமாகப் பட்டறை போடுகிறாராம். அடக்கமான மனிதர். டம்ளரைத் தானே கொண்டுபோய்த் தொட்டியில் போட்டார்.

கிளம்பும்போது, "மித்ரா நாலாவதுதானுங்களே? நல்லாப் படிக்குதுங்களா?" என்று கேட்டார். நான் அவரிடம் மித்ராவின் பெயரைச் சொன்னதாக ஞாபகமில்லை. அத்தை சொல்லியிருக்கலாம். அத்தை கோயிலுக்குப் போயிருந்தார்.

போட்டிக்குப் புது ஷூலேஸ் வாங்க வேண்டும்.

டிசம்பர் 26, வியாழன்

கொல்லிமலை. வளைவுக்கு வளைவு பஸ்ஸில் யாராவது வாந்தி எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை என்று எழுதத்தான் ஆசை.

செம்மேட்டுக்கு அப்பால் ஒரு மிளகுத் தோட்டத்தை ஒட்டிக் கூடாரங்கள். சரியான குளிர். பெண்கள் பிரிவில் ஒன்பது ஜோடிகள். பெங்களூரிலிருந்து இரண்டு பெண்கள் வந்திருக்கிறார்கள், ஆளுக்கொரு தொடை என் இடுப்பளவு. எங்களைப் பார்த்து "ஆன்ட்டி, நீங்களும் ஓடறீங்களா? சூப்பர்!" என்றார்கள். நல்ல பெண்கள்தான். அவர்களைத் தோற்கடிக்க வேண்டும்.

முகாமில் ஒரே ஒரு பாறை மேல் நின்றால்தான் டவர் கிடைக்கிறது. மித்ராவோடு பேசினேன். பாட்டி போட்ட தோசை கருகிவிட்டதாம். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் கோப்பை கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் 27, வெள்ளி

முதல் நாள். மூன்றாம் இடம்!

கச்சிதமாகப் போனது. காலையிலேயே எல்லோருடைய போனையும் உறையில் போட்டு ஒட்டிவிட்டார்கள். பிரித்தால் போட்டியிலிருந்து நீக்கம். அது எனக்குப் பிடித்தது. மேனகா ஒழுங்காக எண்ணினாள். காப்பித் தோட்டத்து மூலை, பாலத்தடி, பாறையிடுக்கு என்று ஒவ்வொரு கொடியும் நான் சொன்ன இடத்தில் இருந்தது. உண்ணிச்செடிப் புதரில் புகுந்ததில் கையெல்லாம் கீறல். ஓர் இடத்தில் பெங்களூர்ப் பெண்கள் வேகமாக ஓடிப் போய்த் தப்பான பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். கூப்பிட்டுச் சொல்லவில்லை. போட்டி என்றால் போட்டிதான்.

சாயங்காலம் போனைத் திருப்பிக் கொடுத்ததும் மேனகா பாறைக்குப் போய்விட்டாள். குழந்தையோடு பேசுகிறாள் என்று நான் புளிசாதத்தைப் பிரித்து வைத்துக் காத்திருந்தேன். ரொம்ப நேரம். சாதம் ஆறிப்போய், அவள் வந்து, நான் போய் மித்ராவைக் கூப்பிட்டால், "அம்மா இன்னும் பேசவே இல்ல பெரியம்மா" என்கிறாள்.

டவர் கிடைத்திருக்காது.

டிசம்பர் 28, சனி

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். கோபத்தில் எழுதினால் முன்பின்னாகிவிடும்.

காலையில் உப்புமா வாங்க வரிசையில் நிற்கும்போது மேனகா, "அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்றாள்.

"முட்டியா? கொப்புளமா?"

"அதில்லீங்க. வேற."

"அப்ப போட்டி முடிஞ்சு சொல்லு. இப்ப என் மண்டையில எதையும் ஏத்தாதே."

சரிங்கக்கா என்றாள். மண்டையில் ஏற்கனவே ஏறியிருந்தது.

காலையெல்லாம் மேகம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. முதல் இரண்டு கொடிகளைச் சுலபமாக எடுத்தோம். மூன்றாவதற்கு இரண்டு குன்றுகளுக்கு நடுவில் ஒரு கணவாய் ஏறி, அங்கிருந்து ஓடையோடு கீழே இறங்க வேண்டும். அந்தக் கணவாயிலிருந்து இரண்டு ஓடைகள் கிளம்புகின்றன. பக்கத்துப் பக்கத்தில், ஒரே வாக்கில், நடுவில் ஒரு கரடு, சின்னப் பாறைக் குன்று. வலது ஓடையில்தான் கொடி. வரைபடத்தில் ஒரு விரல் அகலம்கூட இடைவெளி இல்லை. இந்த மாதிரி இடத்தில் காம்பஸை வரைபடத்தின் மேல் வைத்து, ஊசி நிற்கிற வரை பொறுத்து, பிறகுதான் காலை எடுத்து வைக்க வேண்டும். இதை என்.சி.சி. பிள்ளைகளுக்கு வருடா வருடம் தொண்டை கட்டச் சொல்கிறேன். நான் வைக்கவில்லை. தண்ணீர்ச் சத்தம் கேட்டது. "இதான்" என்று இறங்கிவிட்டேன்.

பாதி வழியில் மேனகா நின்றாள். "அக்கா..." என்றாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்லீங்கக்கா."

அடிவாரம் வரைக்கும் போனோம். வழுக்கு, முள், இரண்டு முறை உட்கார்ந்தபடியே இறங்கினேன். கீழே கொடி இல்லை. அன்னாசித் தோட்டம் ஒன்று இருந்தது. புதர் புதராக விலக்கித் தேடினேன். அப்போது கரட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ விசில் அடித்துச் சிரிக்கிற சத்தம் கேட்டது. பெங்களூர்ப் பெண்கள். கொடி கிடைத்த சந்தோஷம்.

தப்பான ஓடை.

ஒரு கல்லில் உட்கார்ந்து, "எங்கடி விட்டோம்?" என்றேன். எனக்கு நானே கேட்டுக்கொண்டதுதான். மேனகா பதில் சொன்னாள்.

"மேலயே விட்டுட்டமுங்க. கரடு நமக்குப் பீச்சாங்கைப் பக்கம் வரோணும். எறங்கறப்பவே சோத்தாங்கைப் பக்கம் இருந்துச்சு."

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியுமுங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கத்தினேன். "தெரிஞ்சும் என் பின்னாலயே வந்தியா? இவ்வளவு தூரமா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவள் கத்தவில்லை. கையில் ஒட்டியிருந்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே பேசினாள். "அந்தூட்டுக்கு நான் வந்த அன்னிக்கே அத்தை சொன்னாங்க, மூத்தவ ஒண்ணு சொன்னா சின்னவ மறுத்துப் பேசப்படாது, அப்பத்தான் குடும்பம் ஒண்ணா இருக்கும்னு. நீங்களும் பக்கத்துலதான் நின்னீங்க. பன்னெண்டு வருசமா நான் உங்களை எப்ப மறுத்துப் பேசியிருக்கேன்?"

"வீடும் இதுவும் ஒண்ணா? இது போட்டி!"

"எனக்கு அப்படிப் பிரிச்சுப் பாக்கத் தெரியலீங்கக்கா."

"தெரிஞ்சதைச் சொல்லாம கூடவே வர்றது மரியாதை இல்ல மேனகா. என்னைக் குழியில தள்ளிட்டு நீயும் விழுந்த மாதிரி. இனிமே எதுன்னாலும் சொல்லிப்போடு. என் மூஞ்சிக்கு நேரா சொல்லு. புரியுதா?"

புரியுதுங்க என்றாள்.

வந்த வழியே மேலே ஏறினோம். ஏறுகிற வழியில்தான் ஆரம்பித்தாள். சொல்லச் சொன்னது என் தப்பு.

"எனக்குப் பச்சைக் கலரே பிடிக்காதுங்கக்கா."

"என்ன?"

"தீவாளிக்குத் தீவாளி எனக்குப் பச்சைச் சேலையா எடுத்துத் தர்றீங்க. எனக்குப் பச்சைன்னா ஆகாது."

"கட்டினியேடி! எல்லாத்தையும் கட்டினியே!"

"கட்டினேன்."

கொஞ்ச தூரம் போய், கொள்ளு ரசம் என்றாள். அதுவும் பிடிக்காதாம். நான் சளி பிடித்தபோதெல்லாம் அவளுக்கு வைத்துக் கொடுத்த கொள்ளு ரசம்! அப்புறம் நான் ஜன்னலைத் திறந்து வைப்பது. நான் அவள் அலமாரியை மடித்து அடுக்குவது. நான் பாடுவது. கடைசியாகச் சொன்னதற்கு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் நடுக்காட்டில் பைத்தியம் மாதிரி சிரித்தோம். அவள் அப்படிச் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

கணவாய்க்கு வந்து சேர்ந்தோம். மேகம் விலகியிருந்தது. இரண்டு ஓடையும் பளிச்சென்று தெரிந்தன. சின்னக் குழந்தைகூடச் சரியாகப் போயிருக்கும்.

மேனகா தண்ணீர் குடித்தாள். வாயைத் துடைத்தாள். "சம்பத்துன்னு ஒருத்தர் நம்மூட்டுக்கு வந்தாரில்லீங்க. அவரைக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்" என்றாள்.

எனக்கு இது தெரியாது என்று எழுதப் பார்த்தேன். இரண்டு தடவை எழுதி அடித்துவிட்டேன்.

"தங்கமானவருங்க. ரெண்டு வருசமாப் பழக்கம். இன்னிக்குத்தான் சொல்லோணும்னு இருந்தேன். ஊட்டுல நான் பேசிக்கறேன். நீங்க எனக்காகப் பேசக்கூட வேண்டாம். எதிர்த்துப் பேசாம இருந்தீங்கன்னா போதும்."

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மித்ரா?"

"எங்கூடத்தானுங்க வருவா."

காம்பஸை எடுத்து வரைபடத்தின் மேல் வைத்தேன். ஊசி நின்ற பிறகும் வைத்துக்கொண்டே இருந்தேன். அவள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வலதுங்கக்கா" என்றாள். வலது ஓடையில் இறங்கினோம். கொடி இருந்தது.

ஏழாம் இடம். கோப்பை போனது போனதுதான்.

இன்று மித்ராவுக்குப் போன் செய்யவில்லை. மேனகா செய்தாள்.

டிசம்பர் 29, ஞாயிறு

காலையில் கிளம்பும் கோட்டில் நின்றபோது வரைபடத்தை மேனகாவிடம் கொடுத்தேன். அவளுக்குப் புரியவில்லை. "நீ பாரு. நான் எண்றேன்" என்றேன்.

"ஏனுங்கக்கா, கோவமா?"

"கோவம்தான். நீ பாரு."

கோபத்தில் கொடுத்தேன் என்பது உண்மை. அவள் நன்றாகப் போனாள் என்பதும் உண்மை. நிதானமாகப் பார்க்கிறாள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, விரலை வைத்து, பிறகுதான் கிளம்புகிறாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் எண்ணுவதாகச் சொன்னேனே தவிர, நூறு தாண்டினால் மித்ராவின் ஞாபகம் வந்துவிடுகிறது. ஓசூர்ப் பள்ளிகளில் ஹிந்தி உண்டா, குளிருக்கு அவளுக்கு மூக்கடைக்குமே என்று போய்விடுகிறது. "எத்தனைங்க?" என்று கேட்பாள். குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்வேன். இரண்டாம் முறை, "பொய் சொல்லாதீங்க. தெரியலீன்னா தெரியலீன்னு சொல்லுங்க" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஓர் இடத்தில் அவளும் தப்பு செய்தாள். சவுக்குத் தோப்பை யூகலிப்டஸ் தோப்பு என்று நினைத்துவிட்டாள். நான் உடனே சொன்னேன். சந்தோஷமாகவே சொன்னேன்.

கடைசிக் கொடிக்கு முன்னால் ஒரு மேடு. எனக்கு மூச்சு வாங்கியது. நீ போ, நான் வருகிறேன் என்று சொல்ல முடியாது, விதி அப்படி. அவள் என் பையை வாங்கித் தன் முன்பக்கம் மாட்டிக்கொண்டாள். பேசாமல் கொடுத்தேன். மேட்டின் மேல் நின்று, "அத்தை என்ன சொல்லுவாங்களோன்னு பயமா இருக்குதுங்கக்கா" என்றாள். எனக்கும் பயம்தான். அவளுடைய பயம் வேறு, என்னுடைய பயம் வேறு. அதைச் சொல்லவில்லை. அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு என்று கத்தியவள் நான்.

மூன்று நாளும் சேர்த்து ஐந்தாம் இடம். பெங்களூர்ப் பெண்கள் முதலிடம். என்னைக் கட்டிப்பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

டிசம்பர் 30, திங்கள்

பஸ்ஸில் மேனகா என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் தூங்குவது மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன்.

கோப்பை இல்லை என்றதும் மித்ரா, "பரவால்ல பெரியம்மா, அடுத்த வருசம்" என்றாள்.

ஜனவரி 1, புதன்

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் மேனகா எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். மித்ராவைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பிவிட்டு, நின்றுகொண்டே, கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள். சொல்ல வேண்டியதெல்லாம் சொன்னாள். பெயர், ஊர், தொழில், எத்தனை நாள் பழக்கம், எல்லாம்.

அத்தை முதலில், "மார்கழி மாசத்துல பேசற பேச்சா இது?" என்றார். அப்புறம் முரளியின் பேரைச் சொல்லி அழுதார். அவர் அழுவதைக் குறை சொல்ல மாட்டேன். பெற்ற பிள்ளை. "என்ற பையன் சாமான்கூட இன்னும் அப்படியே கெடக்குது. அதுக்குள்ள உனக்கு இன்னொரு தாலி கேக்குதா?" என்று கேட்டார். மேனகா தலை குனியவில்லை.

இவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. ரொம்ப நேரம் மோட்டுவளையைப் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. லாரி கவிழ்ந்த செய்தி வந்தபோது தம்பியைத் தூக்கி வர ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிப் போனவர்.

"சின்ன வயசு. வேண்டாம்னு சொல்றதுக்கு நாம யாரு? போறதுன்னா போகட்டும்மா" என்று அத்தையிடம் சொன்னார். பிறகு மேனகாவைப் பார்த்து, "ஆனா புள்ள இங்க இருக்கட்டும். முரளி ரத்தம். சாந்தா பொறந்ததுல இருந்து தூக்கி வளத்தவ. எங்களுக்கும் புள்ள ஒண்ணும் இல்ல. அவ சொந்தப் புள்ளையா வளத்துவா. நீ எப்ப வேணும்னாலும் வந்து பாரு. உனக்கும் புது எடத்துல தொந்தரவு இருக்காது" என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். எனக்காகத்தான் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து நான் வாய் விட்டுக் கேட்காத ஒன்றை அவரே எடுத்துத் தட்டில் வைத்து நீட்டினார்.

அத்தையும் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அதுதான் நாயம். சாந்தா, நீயே சொல்லு. நீ சொன்னா அவ தட்ட மாட்டா."

நான் வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேனகா கேட்டதும் அதுதானே, எதிர்த்துப் பேசாமல் இருந்தால் போதும் என்று. நான் பேசாமல் இருந்தால் போதும், மித்ரா எனக்குக் கிடைத்துவிடுவாள். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. நான் அதை நினைத்தேன். நினைக்கவில்லை என்று எழுத மாட்டேன். அவளுக்கு அடுத்த வருடம் சைக்கிள் வாங்குவது வரை நினைத்துவிட்டேன்.

மேனகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை. பாதி வழியில் நின்று, "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டு, ஒன்றுமில்லை என்று சொல்லப் போகிற முகம்.

"வேண்டாமுங்க" என்றேன்.

"என்ன வேண்டாம்?" என்றார் இவர்.

"மித்ரா இங்க இருக்க வேண்டாம். அவ அம்மாகூடப் போகட்டும். நான் வளத்த மாட்டேன்."

"சாந்தா, நீ யோசிச்சுத்தான்..."

"யோசிச்சுட்டேன். மேனகா பெத்த புள்ளைய நாம புடிச்சு வச்சுக்கிட்டு அவளைப் போன்னு சொன்னா, அதுக்குப் பேரு அனுப்பறது இல்ல. தை பொறக்கட்டும். கல்யாணத்தை நாமளே முன்ன நின்னு பண்ணி வப்போம். நீங்க வரலீன்னா நான் போய் நிப்பேன்."

இவரை எதிர்த்து நான் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன், ரிமோட்டுக்கு, காய்கறிக்கு, இன்கம் டாக்ஸுக்கு. இந்த மாதிரிப் பேசியதில்லை. அவர் எழுந்து ஆபீஸ் அறைக்குள் போய்விட்டார். அத்தை, "உனக்குப் பைத்தியம்தான் புடிச்சிருக்குது" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

ராத்திரி சாம்பார் வைத்தேன். மேனகா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு ஜாஸ்திங்கக்கா" என்றாள். ஜாஸ்திதான். இரண்டு தடவை போட்டிருக்கிறேன்.

ஜனவரி 2, வியாழன்

பள்ளி திறந்தது. கிரவுண்டில் புல் முழங்கால் உயரம். அணிவகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஷூ போடவில்லை. ஒருத்தியையும் திட்டவில்லை. உடம்புக்கு ஏதாவதா மிஸ் என்று கேட்டார்கள்.

இவர் காலையில் பேசவில்லை. மத்தியானம் போனில், "அந்தப் பையன் பட்டறை ஓசூர்ல எங்கேன்னு கேட்டு வை" என்றார். வைத்துவிட்டார்.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மித்ரா வந்து பக்கத்தில் நின்றாள். உட்காரவில்லை. நேற்று பந்து எடுக்கத் திரும்பி வந்தவள் வாசற்படியிலேயே நின்றிருக்கிறாள். அது எங்கள் யாருக்கும் தெரியாது.

"பெரியம்மா, நான் உங்களுக்கு வேண்டாமா?"

"யாரு சொன்னா?"

"நீங்கதான் பெரியப்பாகிட்ட சொன்னீங்க. மித்ரா இங்க இருக்க வேண்டாம், நான் வளத்த மாட்டேன்னு."

அந்த வார்த்தைகளைத்தான் சொன்னேன். அப்படியே சொல்கிறாள். கையிலிருந்த பாவாடையைக் கீழே வைத்துவிட்டு அவளை இழுத்து உட்கார வைத்தேன். குச்சி மாதிரி விறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வேணும் கண்ணு. ரொம்ப வேணும்."

"அப்பறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

பெரியவளானால் புரியும் என்று பிள்ளைகளிடம் சொல்கிற ஆசிரியைகளை எனக்குப் பிடிக்காது. அதனால் இப்போதே புரிகிற மாதிரி ஒன்றைச் சொல்லப் பார்த்தேன்.

"எனக்கு நீ வேணுங்கறதவிட உன்ற அம்மாவுக்கு நீ இன்னும் அதிகமா வேணும்."

அவள் யோசித்தாள். கணக்குப் போடும்போது யோசிப்பது மாதிரி, உதட்டைக் கடித்துக்கொண்டு.

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்" என்றேன்.

எனக்குத் தெரியாது.